கருமை குன்றாத நெல்

காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரிப் பாசன வயல்களுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள் உண்டு. கருப்புக் கவுனிக்கு இவற்றில் சம்பாவே உகந்தது. பகல் பொழுது குறையத் தொடங்கும்போது பூக்கும் இயல்புடைய நெல் அது; சொர்ணவாரியில் விதைத்தால் கதிர் தள்ளாமல் தழைத்துக்கொண்டே நிற்கும். நெடிதாக வளர்வதால் மழைக்காற்றில் சாய்ந்தும்விடும், மகசூலும் குறைவு. இந்தக் குறைகளைக் களைந்து கருமையை மட்டும் காப்பாற்றுவது எளிய வேலையல்ல. கவுனியைப் பெற்றோராகக் கொண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கி 2023இல் வெளியிட்ட கோ 57 அதைச் சாதித்தது. எல்லாப் பட்டத்துக்கும் ஏற்ற இந்த ரகத்தின் வயது 130 முதல் 135 நாள். எக்டேருக்குச் சுமார் 4,600 கிலோ, கவுனியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விளையும்.

கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. நாவல் பழத்துக்கு நிறம் தருவதும் இதே வகைதான். அரிசியில் இது தவிட்டு அடுக்கிலேயே படிகிறது. தவிட்டில் நிறமி ஆக்கத்தை முடுக்கிவிடுவது காலா4 என்ற மரபணு. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் முற்காலத்தில் நேர்ந்த ஒரு மாற்றமே கருப்பு அரிசியைத் தோற்றுவித்தது என 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

நிறம் இருக்கும் இடம் வளர்ப்பாளரின் பொறுமையைச் சோதிக்கிறது. நிறம் படியும் தவிட்டு உறை தாய்ச் செடியின் திசு. வெள்ளை நெல்லில் கவுனியின் மகரந்தத்தைச் சேர்த்தாலும் அந்தக் கதிரின் மணிகள் வெள்ளையாகவே முற்றும். உள்ளிருக்கும் கரு எந்த நிறத்துக்கு உரியது என்பது, அதை விதைத்து, வளர்ந்த செடி மணி பிடித்த பிறகே தெரியும். அதனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தலைமுறை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

மொகாலியில் உள்ள தேசிய வேளாண் உணவு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய வண்ணக் கோதுமைகளில், தாய்த் திசுவில் படியும் நிறத்துக்கும் சேய்த் திசுவில் படியும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு துலக்கமாகத் தெரியும். ஊதாக் கோதுமையின் நிறம் தாய் தரும் உறையில் இருக்கிறது; காட்டுப்புல் உறவினத்திடமிருந்து வந்த நீல நிறமோ அதற்கு உட்புற அடுக்கில். அந்த அடுக்கு சேய்த் திசு என்பதால், ஒரே கதிரில் நீல மணியும் வெளிர் மணியும் கலந்து விளையக்கூடும். இரு நிறங்களும் ஒரே மணியில் சேர்ந்தால் கருப்புக் கோதுமை.

ஆந்தோசயனின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் கொண்டது. ஆனால் அரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். நீரில் கரையும் பொருள் என்பதால் ஊறவைத்த தண்ணீரும் ஊதாவாகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தால், வெப்பத்தில் சிதைவது போக மீதி நிறமி சோற்றிலேயே தங்கும்.