குழாய் திறந்தும் ரத்தம் ஓடாதது ஏன்?

மாரடைப்பில் பலூன் வைத்து அடைப்பை நீக்கிய பிறகும் சிலருக்கு இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. உறைகட்டியின் துகள்கள் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன; நேரம் கடந்தால் அக்குழாய்களின் சுவரே வீங்கி வழியை நெருக்குகிறது. ரத்த அழுத்தம் சரிந்தால் ஓட்டம் இன்னும் குறையும். ஆகவே மருத்துவமனை வந்துசேரவே நேரமாகும் வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்கள் உள்ள தருமபுரியில் கருவியைவிடக் காலமே முக்கியம் என்பேன். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைத் தருகிறார்கள். மாத்திரையால் அடைப்பு கரையுமா என்று கேட்கலாம். கரையாது, ஆனால் தட்டணுக்கள் மேலும் ஒட்டிக் கட்டி பெரிதாவதை முதல் இரண்டும் தடுக்கும். பலூன் சிகிச்சை கிடைக்க 120 நிமிடத்துக்கு மேலாகும் என்றால், தகுதியானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போடுவதே உலக நடைமுறை. நெஞ்சு அழுத்தி வியர்த்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.