அக்கிக்குப் பின் வரும் பக்கவாதம்

அக்கி தோலில் தெரிந்தாலும் நரம்பில் தொடங்கும் நோய். சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் உடலை விட்டுப் போவதில்லை; நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு அடங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ நோயாலோ எதிர்ப்பாற்றல் குறையும்போது கிளர்ந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் கொப்புளங்கள் உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாக, எரிச்சலோடு கிளம்புகின்றன.

அரிதாக இதே வைரஸ் மூளையின் ரத்தக்குழாய்களையும் எட்டிவிடுகிறது. நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி தரும் நரம்பின் இழைகள் அந்தக் குழாய்களின் சுவருக்கும் செல்கின்றன. அவ்வழியே போகும் வைரஸால் சுவர் அழற்சியுற்றுத் தடிக்கும், குழாய் குறுகும், உள்ளே ரத்தம் உறைந்து அடைத்தால் பக்கவாதம். 2009இல் வெளியான தைவான் ஆய்வின்படி, அக்கி வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் பக்கவாத வாய்ப்பு 31 சதவீதம் கூடுகிறது. கண் பகுதியில் வந்த அக்கியில் நான்கு மடங்கைத் தாண்டுகிறது. முதல் சில வாரங்களில் ஆபத்து மிகுதி.

மதுரை வட்டாரக் கிராமங்களில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வது நெடுநாள் வழக்கம். செங்காவியை நீரில் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதுவார். சிலர் சிங்க உருவமும் வரைவார்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தோல் பெரும்பாலும் ஆறிவிடும் என்பதால், காவியே குணப்படுத்தியதாகத் தோன்றும். நரம்புக்குள் பெருகும் வைரஸைக் காவி தொடாது. அதைக் கட்டுப்படுத்துவது அசைக்ளோவிர் போன்ற மருந்துகள். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அவை நன்கு பலன் தரும். எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தெரிந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அக்கி ஆறிய பிறகு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ உடனே 108ஐ அழைத்து, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் வந்த அக்கியானாலும் மருத்துவரிடம் சொல்வது அவசியம். எம்ஆர்ஐ, முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனை மூலம் வைரஸின் தாக்குதல் உறுதியானால், சிரை வழியாக அசைக்ளோவிர் ஏறத்தாழ இரண்டு வாரம் செலுத்தப்படும்.

அக்கியைத் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. 50 வயதைக் கடந்தவர்கள் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு தவணையாகப் போட்டுக்கொள்ளலாம்.