டாகிட்டித் தீவும் மண்டகப்பட்டும்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் உண்மையை யாம் உணர்ந்தது மண்டகப்பட்டில். விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட அச்சிற்றூரில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த பாறைக்கோயில் ஒன்று உளது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் ஆங்குச் சிற்றுலாச் சென்றோம். வாயிலின் இருமருங்கும் நிற்கும் காவலர் உருவங்களை வியந்தோம், கொணர்ந்த புளிச்சோற்றை நிழலில் அமர்ந்து உண்டோம், வண்டியேறவும் எழுந்தோம். அப்பொழுது எம் ஆசிரியர் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் பொருளை எடுத்துரைத்தார். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி, விசித்திரசித்தன் என்னும் மன்னன் அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் எடுப்பித்த கோயில் இது என்பதே அப்பொருள்.

"உலோகமின்றி எனின் உளியுமின்றியோ?" என்று எம்முள் ஒருவர் வினவ, யாம் நகைத்தோம். ஆசிரியர் நகைத்திலர். "குடைந்தது உளியாலேதான். கோயிலின் உறுப்பாக உலோகம் இல்லை என்பதே கருத்து. ஆயினும், உலோக உளி இன்னதென்றே அறியாது கற்கோயில் எடுத்த மக்களும் உலகில் இருந்தனர். தேடிப் பாருங்கள்" என்றார். அங்ஙனம் தேடியவழி எம் கருத்தைக் கவர்ந்தது பசிபிக் மாகடலின் நடுவிலுள்ள டாகிட்டித் தீவு. ஆங்கு யாம் சென்றிலோம். ஏடுகளின் வாயிலாகவே கண்டோம். கண்டதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டாகிட்டி, பிரெஞ்சுப் பொலினீசியா எனப்படும் தீவுக் கூட்டங்களுள் மிகப் பெரியது. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறக்குறைய 17 பாகையில் உள்ளது. 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுடன் இணைக்கப்பெற்று, இன்று தன்னாட்சியோடு அந்நாட்டின் கீழ் விளங்குகின்றது. தலைநகர் பப்பேட்டே. நம் நாட்டினின்றும் நேரே செல்லும் வானூர்தி இல்லை. நியூசீலாந்தின் ஆக்லாந்து வழியாகச் செல்வோர் உலகத் தேதிக்கோட்டைக் கடப்பதால், ஏறிய நாளுக்கு முந்திய நாளிற் சென்று இறங்கும் புதுமையைக் காண்பர். மே முதல் அக்டோபர் வரையுள்ள திங்கள்கள் மழை குறைந்தவை, உலாவிற்கு ஏற்றவை. பொருள்களிற் பல கடல் கடந்து வருவனவாதலின், செலவு மிகுதி.

ஓய்வு நாடிச் செல்வோரை முதற்கண் கவர்வது அத்தீவின் கடற்கழி. வெளியே திரைகள் முழங்க, உள்ளே நீர் பளிங்குபோல் அமைந்திருக்கும். இவ்விரண்டிற்கும் இடையே அரணாய் நிற்பது பவளப்பாறை. எரிமலையாய்க் கடலினின்று எழுந்த தீவு மெல்ல மெல்லத் தாழ, அதன் விளிம்பிற் பற்றிய பவள உயிர்கள் மேன்மேலும் வளர்ந்து தீவைச் சூழ்ந்த மதிலாயின. இக்கொள்கையை விளக்கிய சார்லசு டார்வின், 1835-ஆம் ஆண்டில் டாகிட்டி மலையொன்றின் மீதேறி, எதிரேயுள்ள மூரேயாத் தீவையும் அதனைச் சூழ்ந்த பவள வளையத்தையும் கண்டார். ஆறு கடலொடு கலக்குமிடத்து நன்னீர் மிகுதலாற் பவளம் செழிப்பதில்லை. அத்தகைய இடங்களுக்கு எதிரே மதிலில் வாயில்கள் அமைதல் உண்டு. படகுகள் உட்புகுவது அவ்வாயில்களின் வழியேயாம்.

இனி, வீரச்செயல் விரும்புவார்க்கு ஆங்குக் குறைவில்லை. அலைமேல் ஊர்தல் அவர்தம் பழைய விளையாட்டு. 1769-ஆம் ஆண்டில் கேப்டன் குக்குடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ் அதனைக் கண்டு வியந்து எழுதினார். 2024-ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கின் அலையூர்தற் போட்டி இத்தீவின் தேயாஹுப்போவிலேயே நடைபெற்றது. ஆயினும் இவ்வனைத்தினும் பெரிய வீரம் அவர்தம் கடற்செலவே. விண்மீன், அலையின் போக்கு, பறவையின் திசை ஆகிய இவற்றையே துணையாகக் கொண்டு மாகடலைக் கடந்தனர். இராயத்தேயாத் தீவினராகிய துப்பாயா என்பார் குக்கின் கப்பலிற் சென்று, தாம் அறிந்த தீவுகளைப் படமாக வரைவித்தார். அறிஞர் சிலர், அம்மக்கள் காற்றால் அலைப்புண்டே தீவுகளை அடைந்தனர் என்று எழுதினர். 1976-ஆம் ஆண்டில் ஹோக்குலேயா என்னும் இரட்டைப் படகு, மாவு பியாய்லுக் என்பாரை வழிகாட்டியாகக் கொண்டு, திசைகாட்டியுமின்றி ஹவாயினின்றும் பப்பேட்டேயை அடைந்தது. பண்டையோர் வழியறிந்தே செல்ல வல்லர் என்பதை அச்செலவு புலப்படுத்திற்று.

ஈண்டுத் தமிழ் மாணவர்க்கு இனிப்பதொரு செய்தியும் உண்டு. இருபடகுகளை இணைத்தமைத்த கலத்தை ஆங்கிலர் 'காட்டமரான்' என்பர். சொல் நம் கட்டுமரமே. பொருளோ கட்டுமரம் அன்று. நம் பரதவரின் கட்டுமரம் மரங்களைப் பிணித்த தெப்பம். இரட்டைப் படகோ பொலினீசியர் கைத்திறன். நம் சொல்லும் அவர் கலமும் ஒன்றாய்க் கூடின. பச்சை குத்துதலைக் குறிக்கும் 'டாட்டூ' என்னும் ஆங்கிலச் சொல்லும் அத்தீவுகளின் மொழியினின்றே வந்தது.

இனிப் பண்பாடு. ஆசிரியர் குறித்த கற்கோயில்கள் 'மராயே' எனப்படும். கல்லாலும் சிப்பியாலும் இயன்ற கருவிகளைக் கொண்ட மக்கள், எரிமலைக் கல்லும் பவளக் கல்லும் அடுக்கி எடுத்த கூரையில்லாத் தலங்கள் அவை. இராயத்தேயாவிலுள்ள தபுதபுவாத்தேயா என்னும் மராயே அவற்றுட் சிறந்தது. 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இவ்விடத்து, கிறிஸ்தவ மாணவராகிய யாம் மறைத்தற்கில்லாத செய்தி ஒன்றுண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1797-ஆம் ஆண்டில் 'டஃப்' என்னும் கப்பலில் ஆங்கு வந்திறங்கினர். டாகிட்டி மொழிக்கு எழுத்து வகுத்தவரும், திருமறையை அம்மொழியிற் பெயர்த்து 1838-ஆம் ஆண்டில் அச்சிற் காணச் செய்தவரும் அவரே. அது பெருந்தொண்டு. ஆயின் இரண்டாம் பொமாரே மன்னன் மதம் மாறிய காலத்து மராயேக்கள் பல இடிபட்டன. பழைய ஆடலும் பச்சை குத்துதலும் தடைபட்டன. நற்செய்தி கொணர்ந்த கைகளே ஒரு மக்களின் நினைவையும் அழிக்கத் துணைநின்றன என்பதைப் படித்தபோது எம் உள்ளம் நொந்தது.

எனினும் அம்மக்கள் இழந்ததை இழந்தவாறே விட்டிலர். 1881-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜூலைத் திங்கள் விழாவில் ஆடல் மீண்டும் தலைகாட்டிற்று. 1956-ஆம் ஆண்டில் மதலேன் மோவா என்னும் அம்மையார் ஆடற்குழு ஒன்றை நிறுவி, இழிவாய்க் கருதப்பெற்ற அக்கலைக்கு மதிப்புத் தேடித் தந்தார். இன்று 'ஹெய்வா' எனப்படும் அவ்விழாவே தீவின் தலையாய விழா. மற்றொன்று: வேதப்பாட்டையும் அவர்கள் தம் பண்டைய முறையிற் பல குரல் இயைத்து 'ஹீமெனே' எனப் பாடித் தமதாக்கிக் கொண்டனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் பண்ணிற் கீர்த்தனை இயற்றி நம் ஆலயங்களில் ஒலிக்கச் செய்ததும் இத்தகைய செயலன்றோ?

ஆகவே, அத்தீவிற்குச் செல்வார் அறியவேண்டுவது இது. கழியில் நீந்துக, அலையில் ஊர்க, ஆடலையும் காண்க. ஆனால் அவ்வாடல் விருந்தினர் பொழுதுபோக்கிற்கென்றே எழுந்ததன்று. தடையினின்றும் மீட்கப்பெற்றதொரு மரபு என்பதை உணர்ந்து காண்க. மராயேயின் கல்மீது ஏறி நிற்றல் ஆகாது; ஒரு கல்லையும் பெயர்த்துக் கொணர்தல் ஆகாது. ஞாயிறன்று ஆலயத்தின் பின்வரிசையில் அமைதியாய் அமர்ந்து ஹீமெனே கேட்பின், விடுதிக் கூத்திற் காணாத டாகிட்டியை ஆங்குக் காணலாம்.

டாகிட்டிக்குச் செல்லும் பேறு எம்மிற் பலர்க்குக் கிட்டுமோ, அறியோம். மண்டகப்பட்டிற்கோ அரைநாட் செலவு போதும். அக்குகையின் பாறையில் தம் பெயரைக் கீறிச் சென்றாரும் உளர். அன்று கல்வெட்டைக் கேளாமலே வண்டியேற எழுந்த யாமும் அவரினும் மிக உயர்ந்தேம் அல்லேம். அடுத்த ஆண்டு மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். கட்டுச்சோறு உடன் வரும். ஆனால் கல்வெட்டைப் படித்த பின்னரே அது அவிழ்க்கப்படும்.