பதினைந்து ஆண்டுத் தொலைவும் நாற்பது ஆண்டுத் தொலைவும்

1985-ஆம் ஆண்டின் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மூன்று ராக் பாடல்கள் 5-ஆம் இடம் வரை ஏறின: டான் ஹென்லியின் ‘தி பாய்ஸ் ஆஃப் சம்மர்’, பிரையன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்’, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘குளோரி டேஸ்’. பருவ வயதின் தோழமையும் காதலும், அவை கைநழுவிப் போனபின் அவற்றை எண்ணி ஏங்குவதும்தான் மூன்றுக்கும் பொருள். பாடியவர்களில் மூத்தவரான ஹென்லிக்கு அப்போது வயது 37. இளையவரான ஆடம்ஸுக்கு 25.

இளமை போயிற்றே என்று பாட இது அதிக வயதல்ல. ஆனால் கேட்டவர்கள் அதை மிகையாக நினைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல் 1964 வரை பிறந்த பெருந்தலைமுறை அன்று 21-க்கும் 39-க்கும் இடைப்பட்ட வயதில் இருந்தது. அவர்களில் பலர் வேலை, வீட்டுக் கடன், குழந்தைகள் என்று நிலைபெற்று, வாழ்க்கையை முதல் முறையாகத் திரும்பிப் பார்த்த வயது அது.

அன்று அந்தப் பார்வைக்கு எட்டிய தொலைவு சிறியது. 1962-ல் நடக்கும் கதையைச் சொன்ன ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ திரைப்படம் 1973-ல் வந்தது. இடைவெளி 11 ஆண்டுகள். அதைப் பார்த்த டெட்ராய்ட் பாடகர் பாப் சீகருக்குத் தன் பக்கத்துப் பிள்ளைகளின் கதையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்படிப் பிறந்த ‘நைட் மூவ்ஸ்’ 1976-ல் வெளியானபோது அவருக்கு 31 வயது. ஆடம்ஸின் பாட்டு 15 ஆண்டுகள் பின்னே போனது. 1969-ல் அவர் 9 வயதுச் சிறுவன். சேர்ந்து எழுதிய ஜிம் வாலன்ஸுக்கோ அப்போது 17. கிதாரும் நண்பர்களுமாகத் திரியும் வயது வாலன்ஸுக்குத்தான் இருந்தது. பிறந்தபோதே இருவர் பங்கிட்டுக்கொண்ட நினைவு அது.

இன்று அந்தப் பாட்டு நாற்பது வயதைக் கடந்துவிட்டது. பாட்டுக்கும் அது நினைத்த கோடைக்கும் இருந்த இடைவெளியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், பாட்டுக்கும் நமக்கும் இடையே வளர்ந்துவிட்டது. 1985-ல் 18 வயதில் அதைக் கேட்டவர் இன்று அறுபதை நெருங்குகிறார். அவருக்கு அந்தப் பாட்டு நினைவூட்டுவது 1969-ஐ அல்ல, 1985-ஐ. தொண்ணூறுகளில் நம் நாட்டுக் கல்லூரி விழா மேடைகளில் அதையே பாடியவர்களுக்கு அது தொண்ணூறுகளின் பாட்டு.

ஹென்லியின் பாட்டில் இந்த மாற்றம் வரியிலேயே பதிந்திருக்கிறது. 1984-ல் எழுதிய வடிவத்தில், விலையுயர்ந்த கேடிலாக் காரில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒட்டுவில்லையைப் பார்க்கிறார் பாடுபவர். அறுபதுகளின் கலகக்கார இளைஞர்கள் கார் வாங்கி அமர்ந்துவிட்டார்கள் என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும். 2003-ல் தி அட்டாரிஸ் என்ற இளைய குழு அதே பாட்டைப் பாடியபோது ஒட்டுவில்லை மாறியது. பிளாக் ஃபிளாக் என்ற கலிபோர்னிய பங்க் குழுவின் பெயர் அங்கே வந்தது. வண்டி அதே வண்டி, ஏக்கமும் அதே ஏக்கம். உள்ளே அமர்ந்திருந்தது மட்டும் அடுத்த தலைமுறை.

கேட்கும் முறையும் மாறியது. ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ இசைத்தட்டில் மொத்தம் 12 பாடல்கள், பக்கத்துக்கு ஆறு. ‘குளோரி டேஸ்’ இரண்டாம் பக்கத்தின் நான்காவது பாட்டு. தட்டைத் திருப்பி வைத்து முள்ளை ஓட விட்டால், பழைய நட்பைப் பாடும் ‘நோ சரண்டர்’, ‘பாபி ஜீன்’ இரண்டையும் கடந்துதான் அதற்கு வர முடியும். கேட்பவர் மனம் அந்த இரண்டிலேயே பக்குவப்பட்டிருக்கும். இன்று கைபேசியில் பெயரைத் தட்டினால் பாட்டு நேராக வந்து நிற்கிறது. தட்டு கிடைக்காத ஊரிலும் வாங்க வசதியில்லாத மாணவருக்கும் அது எட்டுகிறது. இது சிறிய நன்மையல்ல. ஆனால் முன்னும் பின்னும் நின்ற பாடல்களின் துணையைப் பாட்டு இழந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஒரே வானொலியில் ஊரே கேட்ட அனுபவமும் அதோடு போயிற்று.

பாடியவரிடம் வந்த மாற்றம் இதைவிடப் பெரியது. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ தொகுப்பின் ஒலிப்பதிவு 1982-ல் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அது வெளியானபோது ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வயது 34. அதிலுள்ள ‘குளோரி டேஸ்’ பாட்டில் இளமை என்பது மதுக்கடையில் எதிர்ப்பட்ட பழைய தோழனோடு பேசிச் சிரித்துக் கழிக்கக்கூடிய ஒன்று. 2020-ல், 71 வயதில், ‘லெட்டர் டு யூ’ தொகுப்பை வெளியிட்டார். குழுவினர் கூடி ஐந்தே நாளில் பதிவு செய்தது அது. அதிலுள்ள ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’ 1965-ல் அவர் சேர்ந்த தி கேஸ்டைல்ஸ் குழுவைப் பற்றியது. 2018-ல் சக உறுப்பினர் ஜார்ஜ் தீஸ் மறைந்தபின் அந்தக் குழுவில் எஞ்சியிருப்பவர் இவர் ஒருவரே. 1984-ல் உடன் வாசித்த டேனி ஃபெடரிசி 2008-லும், சாக்ஸஃபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011-லும் மறைந்தார்கள். சாக்ஸஃபோனை இப்போது வாசிப்பவர் கிளெமன்ஸின் சகோதரர் மகன் ஜேக்.

முப்பதுகளில் பாடியபோது கடந்துபோனது காலம் மட்டுமே; நினைத்தால் போய்ப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். எழுபதுகளில் பாடும்போது ஆட்களும் இல்லை. முதல் பாட்டில் துள்ளல் இருக்கிறது, பிந்தியதில் நன்றி இருக்கிறது. ஒன்றை மற்றொன்று பொய்யாக்கவில்லை. ‘குளோரி டேஸ்’ பிடித்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’ பாட்டையும் கேளுங்கள். கேட்டபின், பல நாளாகப் பேசாதிருக்கும் கல்லூரித் தோழர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.