கடையில் பாட்டு, போனில் பாட்டு: ராயல்டி யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் வந்த பின், நம் மளிகைக் கடைகளுக்குப் போன் ஆர்டர்கள் பெருகிவிட்டன. கேன்டீன்காரர் சரக்கு சொல்லக் கூப்பிட்டால், கணக்கப்பிள்ளை வரும்வரை லைனில் ஒரு சினிமாப் பாட்டு ஒலிக்கிறது. கடைக்குள்ளும் காலையில் பக்திப் பாடல், மாலையில் திரைப்பாடல். "காசு கொடுத்து வாங்கிய பாட்டுதானே, இதில் என்ன தவறு?" என்று நாம் கேட்கலாம். சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது.

கேசட், சி.டி., அலைபேசிச் சந்தா எதுவானாலும், நாம் தரும் பணம் சொந்தமாகக் கேட்பதற்கு மட்டுமே. அதையே வாடிக்கையாளர்கள் கேட்கும்படி ஒலிக்கவிடுவதற்கு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி தனி அனுமதி தேவை. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்று 63-ஆவது பிரிவு கூறுகிறது.

ஒரு பாட்டில் மூன்று சொத்துகள் உண்டு: பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு. முதல் இரண்டுக்கும் அவற்றை ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாரதியார் பாடல்களை எடுத்துக்கொள்வோம். 1949-ல் சென்னை மாகாண அரசு அவற்றின் உரிமையைப் பெற்றது; பின்னர் அவை பொதுச் சொத்தாக்கப்பட்டன. ஆகவே வரிகள் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அண்மையில் ஒருவர் புது மெட்டமைத்துப் பதிவு செய்திருந்தால், அந்த மெட்டும் பதிவும் பொதுச் சொத்தல்ல.

பணம் யாருக்குச் செலுத்துவது? பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் சார்பில் வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 2017-ல் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமானது. ஒலிப்பதிவுக்கு அனுமதி தனி. இதில்தான் வழக்குகள். நோவெக்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், உரிமம் வழங்குவதைத் தொழிலாக நடத்துவோர் பதிவு பெற்ற சங்கத்தின் வழியாகவே நடத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உரிமையை எழுதி வாங்கியவர் தாமே உரிமம் வழங்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் கூறியது.

எனவே, ராயல்டி கேட்டு யாராவது வந்தால் பயந்து உடனே பணம் கொடுக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்:

1. எந்தெந்தப் பாடல்களுக்கு, மேற்சொன்ன மூன்றில் எந்த உரிமைக்கு?
2. பதிவுச் சான்றோ, உரிமை மாற்றப் பத்திரமோ உண்டா?
3. கட்டண விகிதம் என்ன, முறையான ரசீது தருவார்களா?

நோட்டீஸ் வந்தால் வக்கீலிடம் காட்டிப் பதில் அனுப்புங்கள். பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. போன் லைனில் பாட்டுக்குப் பதிலாக உங்கள் குரலிலேயே, "வணக்கம், இன்று பொன்னி அரிசி புதுச் சரக்கு வந்துள்ளது, சற்றுப் பொறுங்கள்" என்று பதிவு செய்து வையுங்கள். அதற்கு யாருக்கும் ராயல்டி கிடையாது. வியாபாரத்துக்கு விளம்பரமும் ஆயிற்று.

நம் சரக்குக்கு விலை கேட்பது நம் உரிமை. பாட்டுக் கட்டியவருக்கும் அதே நியாயம்தான். கொடுக்க வேண்டியதை உரியவருக்கே கொடுப்போம், ரசீதோடு கொடுப்போம்.