திமில் மகசீர் பாதுகாப்பு

திமில் மகசீர் பாதுகாப்பு என்பது, காவிரி ஆற்றுத் தொகுதியில் மட்டும் இயற்கையாக வாழும் திமில் மகசீர் என்னும் நன்னீர் மீனை அழியாமல் காக்க மேற்கொள்ளப்படும் முயற்சிகளைக் குறிக்கும். இம்மீன் எஞ்சியுள்ள ஆற்றுப் பகுதிகளில் பல, காட்டுயிர்ப் புகலிடங்களுக்குள்ளோ அவற்றின் எல்லையிலோ அமைந்துள்ளன. அவ்வாறிருந்தும் இம்மீன் அழிவின் விளிம்பை அடைந்துள்ளது. ஆகவே, நிலத்தை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்ட காப்புப் பகுதிகள் நன்னீர் மீன்களை எந்த அளவுக்குக் காக்கும் என்னும் வினாவுக்கு இது முதன்மையான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

மீனின் இயல்பு

திமில் மகசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் தோர் ரெமாதேவியை ஆகும். தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல உயர்ந்திருப்பதாலும் துடுப்புகள் செம்மஞ்சள் நிறமாக இருப்பதாலும் இதனைப் பிற மகசீர்களிலிருந்து வேறுபடுத்தி அறியலாம். உலகின் மிகப்பெரிய மகசீர் இனங்களுள் இதுவும் ஒன்று. 1946 ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிக்கப்பட்ட ஒரு மீனின் எடை 120 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் ஆகும்.

தூண்டில்காரர்களிடையே நூறாண்டுகளுக்கும் மேலாகப் புகழ் பெற்றிருந்தும், இம்மீனுக்குரிய அறிவியற் பெயர் நெடுங்காலம் உறுதிப்படவில்லை. அமராவதியின் துணையாறான பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களைக் கொண்டு முன்னரே விவரிக்கப்பட்டிருந்த தோர் ரெமாதேவியை என்னும் இனமும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்பது 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைத் தனது செம்பட்டியலில் மிக அருகிய இனமாகச் சேர்த்தது.

வாழிடமும் காப்புப் பகுதிகளும்

கருநாடகத்தில் காவிரி காட்டுயிர்ப் புகலிடம் 1987 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் காவிரி வடக்குக் காட்டுயிர்ப் புகலிடமும், 2022 ஆம் ஆண்டில் காவிரி தெற்குக் காட்டுயிர்ப் புகலிடமும் அறிவிக்கப்பட்டன. பவானியின் துணையாறான மோயாறு, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே எல்லையாக ஓடிச் சத்தியமங்கலம் காட்டினூடாகப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. திமில் மகசீர் இன்றும் வாழ்வதாக உறுதி செய்யப்பட்ட இடங்களுள் மோயாறு முதன்மையானது. பாம்பாறு கேரளத்தின் சின்னாறு காட்டுயிர்ப் புகலிடத்தின் வழியே ஓடுகிறது.

நில எல்லைகளின் போதாமை

காட்டுயிர்ப் புகலிடங்கள் பெரும்பாலும் யானை, புலி முதலிய நிலவாழ் விலங்குகளைக் கருதி வரையப்பட்டவை. ஆறு அவற்றின் நடுவே ஓடுவதைவிட எல்லைக்கோடாக அமைவது மிகுதி. எல்லையாக உள்ள ஆற்றின் ஒரு கரையில் ஒரு நிருவாகமும் மறுகரையில் வேறொரு நிருவாகமும் இருத்தல் கூடும். மேலும், ஆற்றில் வரும் நீரின் அளவும் தன்மையும் புகலிடத்துக்கு வெளியே, மேற்புறத்திலேயே முடிவாகின்றன.

மகசீர் மீன்கள் மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேல்நோக்கிச் சென்று, சரளைக்கற்கள் நிறைந்த இடங்களில் முட்டையிடுகின்றன. கோடையில் ஆழமான மடுக்களில் தங்குகின்றன. கிருட்டிணராச சாகர், மேட்டூர், கபினி, பவானிசாகர் முதலிய அணைகள் இப்போக்குவரத்தைத் துண்டித்துள்ளன. மோயாற்றின் நீரோட்டமோ பைக்காரா, மோயாறு நீர்மின் திட்டங்களிலிருந்து திறந்துவிடப்படும் நீரைப் பெரிதும் சார்ந்துள்ளது. மின் தேவைக்கேற்ப நீர் ஏறி இறங்கும்போது, ஆழமற்ற இடங்களில் உள்ள முட்டைகளும் குஞ்சுகளும் கரையில் சிக்கி உலர நேரிடும். புகலிடத்தின் காவலர்கள் இதனைத் தடுக்க இயலாது.

நீலத்துடுப்பு மகசீரின் வரவு

தக்காணத்தின் நீலத்துடுப்பு மகசீர் அருகி வருவதாகக் கருதப்பட்டமையால், மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் அதன் குஞ்சுகள் வளர்க்கப்பட்டன. அவை 1970களின் பிற்பகுதி முதல் இந்தியாவின் பல நீர்நிலைகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட இப்பணி, காவிரிக்கு உரியதல்லாத ஓர் இனத்தை அங்கு நிலைபெறச் செய்தது.

இதன் விளைவு தூண்டில் முகாம்களின் பதிவேடுகள் வழியாகவே தெரிய வந்தது. காவிரி காட்டுயிர்ப் புகலிடத்துக்குள் நடைபெற்ற முகாம்களில், பிடித்த மீனை எடையிட்டு மீண்டும் ஆற்றில் விடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரையான இப்பதிவுகளை ஆராய்ந்தபோது, மகசீர்களின் மொத்த எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் பெருகியது நீலத்துடுப்பு மகசீரே. திமில் மகசீர்கள் குறைந்துகொண்டே வந்தன. அகப்பட்ட சிலவும் பெரிய, முதிய மீன்களாகவே இருந்தன. புதிய தலைமுறை உருவாகவில்லை என்பதற்கு இது சான்றாகும். இரண்டையும் பொதுவாக மகசீர் என்று எண்ணியிருந்தால் பாதுகாப்பு வெற்றி பெற்றதாகவே தோன்றியிருக்கும். பின்னர், 2018 ஆம் ஆண்டில், நீலத்துடுப்பு மகசீர் செம்பட்டியலில் தீவாய்ப்புக் குறைந்த இனமாக மாற்றப்பட்டது.

தூண்டில் தடை

காப்புப் பகுதிகளில் தூண்டிலிடுதலும் வேட்டையே என்னும் கருத்தின் அடிப்படையில், 2012 ஆம் ஆண்டளவில் காவிரியின் முகாம்கள் நிறுத்தப்பட்டன. பிடித்த மீனை மீண்டும் விட்டாலும் அதற்குத் துன்பமும் காயமும் நேரும் என்பது தடையை ஆதரிப்போர் கருத்து. முகாம்களில் உள்ளூர் மக்கள் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் பணியாற்றியதால் தோட்டா போட்டு மீன் பிடிப்போர் அஞ்சினர் என்பதும், தடைக்குப்பின் அக்காவலும் பதிவேடுகளும் இல்லாமற் போயின என்பதும் மறுப்போர் கருத்து.

கோவில் மடுக்களும் ஊர்க் காப்பிடங்களும்

சட்டத்தால் அன்றி வழக்கத்தால் அமைந்த காப்பிடங்களும் உண்டு. கருநாடகத்தில் துங்கை ஆற்றின் சிருங்கேரி, கபிலை ஆற்றின் சிசிலா ஆகிய கோவில் படித்துறைகளில் மீன் பிடிப்பதில்லை. அங்கு மகசீர்கள் கூட்டமாக வாழ்கின்றன. எனினும் 1996 ஆம் ஆண்டில் சிசிலாவில் ஆற்றில் நஞ்சு கலக்கப்பட்டு மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. சிறிய காப்பிடம் ஒரே நாளில் அழியக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

மாறாக, தாய்லாந்தில் சல்வின் ஆற்றுப் படுகையில் ஊர் மக்களே ஏற்படுத்திய சிறு காப்பிடங்கள் பலவாக அமைந்துள்ளன. அவற்றுள் 23 காப்பிடங்களை ஆராய்ந்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, மீன் பிடிக்கப்படும் அண்டைப் பகுதிகளைவிட அங்கு மீன்களின் மொத்த எடை இருபது மடங்குக்கும் மேல் மிகுந்திருந்தது. ஒரே ஆற்றில் பல காப்பிடங்கள் இருப்பின், ஒன்று கெட்டாலும் மற்றவற்றிலிருந்து மீன்கள் வந்து சேர வாய்ப்புண்டு.

பாதுகாப்புக்குத் தேவையானவை

திமில் மகசீரைப் பொறுத்தவரை, காட்டின் எல்லையோடு நீரோட்டமும் காப்புக்குள் கொண்டுவரப்பட வேண்டியுள்ளது. முட்டையிடும் காலத்தில் அணைகளிலிருந்து சீராக நீர் விடுதல், பிற ஆறுகளின் மீன் குஞ்சுகளைக் காவிரியில் விடாதிருத்தல், கோடை மடுக்களைக் காத்தல், ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே கணக்கிடுதல் ஆகியன அடிப்படைத் தேவைகளாகும். காவிரித் தொகுதிக்கு வெளியே இம்மீன் இயற்கையாக வாழும் இடம் வேறில்லை என்பதால், இங்கு அழிந்தால் அது உலகிலிருந்தே அழிந்ததாகும்.