எடுக்க எடுக்கத் தளிர்க்கும் ஆங்கிலம்

உயர்தரப் பரீட்சைக்கும் அதற்கு அப்பாலும் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற விரும்பும் நானுஓயா போன்ற தோட்டப்புற ஊர்களின் மாணவர்களிடையே வழக்கமாக எழும் கேள்வி, ஒரே இரவில் ஐம்பது கடினமான சொற்களை எழுதி எழுதிப் படித்தும் அடுத்த வாரம் ஐந்துகூட நினைவில் நிற்காதது ஏன் என்பதாகும். முப்பது நாளில் மூவாயிரம் சொற்களைக் கற்பிப்பதாகக் கூறும் விளம்பரங்கள் இதற்குத் தீர்வாக மூளையின் மறைந்த சக்தியைக் காட்டினாலும், ஆய்வுகள் தரும் விடையில் அத்தகைய மர்மம் எதுவும் இல்லை.

மறதியை அளந்த வரலாற்றுக்கு ஒரு வாக்கியம் போதும்: ரயில் பாதை நானுஓயாவை எட்டிய 1885ஆம் ஆண்டிலேயே, ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை நூலாக வெளியிட்டார்.

சுவையான பகுதி 2008இல் 'சயன்ஸ்' இதழில் கார்பிக், ரோடிகர் ஆகிய ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட சோதனையில் உள்ளது. நாற்பது சுவாஹிலிச் சொற்களின் ஆங்கிலப் பொருளைக் கற்ற மாணவர்களுள், ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் மீண்டும் மீண்டும் கேட்டுச் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர்; சோதனை நிறுத்தப்பட்டவர்களோ, அச்சொற்களைத் தொடர்ந்து வாசித்திருந்தபோதும், மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றனர். எல்லாப் பிரிவினரும் தமக்குப் பாதியளவு நினைவிருக்கும் என்றே முன்கூட்டிக் கணித்திருந்தது, கற்பவரின் தன்னம்பிக்கை எவ்வளவு மோசமான அளவுகோல் என்பதைக் காட்டுகிறது.

பார்க்காமல் ஒரு சொல்லை நினைவிலிருந்து வெளியே எடுக்கும் இச்செயல் மீட்டெடுப்பு எனப்படும். தேயிலைச் செடியின் நுனிக் கொழுந்தைக் கிள்ளும்போது, பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஆக்சின் சுரப்பு அகன்று அவை தளிர்ப்பதைப் போல, மீட்டெடுப்பும் நினைவை அளப்பதோடு நில்லாமல் அதை வளர்க்கிறது. சொற்பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பவர், கூடையை மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கூடையோடு நிறுவைக்கு வருபவரை ஒப்பார். மறுநாளே அதே செடிக்குத் திரும்பினால் எடுப்பதற்குக் கொழுந்து இராது, வாரக்கணக்கில் விட்டால் முற்றிவிடும் என்பதால் இடைவெளியும் முக்கியமாகிறது. கவ்வாத்து வெட்டிய செடி மீண்டும் துளிர்ப்பதைப் போல, முற்றிலும் மறந்ததாகத் தோன்றும் சொல்லை இரண்டாம் முறை கற்பது எளிது என்பதையும் எபிங்ஹவுஸே கண்டார். ஆனால் கொழுந்து எடுக்கும் சுற்று பெரிதும் மாறாதிருக்க, சொல்லுக்குரிய இடைவெளி படிப்படியாக நீட்டப்படுவதால், ஒப்புமை இங்கே முறிந்துவிடுகிறது.

செயலிகள் கட்டணம் பெற்று விற்கும் இந்த நீளும் இடைவெளியை, சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த பெட்டிக்கும் தவறியது முதற்பெட்டிக்கும் செல்லும் முறையாக செபாஸ்டியன் லைட்னர் 1972இலேயே விளக்கிவிட்டார். அதற்குப் பழைய அப்பியாசப் புத்தகத் தாள்களே போதும். எனினும் சுவாஹிலிச் சோதனை ஒரு வார நினைவையே அளந்தது என்பதால், அதை வைத்து வாழ்நாள் நினைவுக்கு உத்தரவாதம் அளிப்பது மிகையாகும். நீண்ட காலச் சான்றாக, ஹாரி பாரிக் குடும்பத்தினர் நால்வர் பிறமொழிச் சொற்கள் முந்நூற்றைக் கற்று, 56 நாள் இடைவெளியில் 13 முறை பயின்றது, 14 நாள் இடைவெளியில் 26 முறை பயின்றதற்கு நிகரான பயனைத் தந்ததாக 1993இல் அறிவித்தனர். ஆயினும் ஆய்வாளர்களும் ஆய்வுக்கு உட்பட்டவர்களும் அந்த நால்வரே.